இறக்கத்தில் கொதிக்கும் பிரேக் ஆயில்

மேட்டுப்பாளையத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவனுக்கு ஊட்டியில் கூட்டம் எப்படி என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. குன்னூர் சாலையும் கோத்தகிரி சாலையும் எங்கள் ஊரில்தான் வந்து இறங்குகின்றன. கோடை சீசனில் ஏறுகிற வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்குகிற வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுவார்கள். அந்த நாட்களில் சாயங்காலம் வாசலில் நின்றால் கருகிய பிரேக் பேடின் நெடி காற்றில் வரும். நெடியோடு வருகிற வண்டியைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. ஓட்டுகிறவர் மூக்கிலேயே அது ஏறியிருக்கும், வண்டியை ஓரம் கட்டி ஆறவிட்டிருப்பார். நெடியும் சத்தமும் இல்லாமல் கெட்டுப்போகிற பொருள் ஒன்று வண்டியில் இருக்கிறது. பானெட்டைத் திறந்தால், மாஸ்டர் சிலிண்டருக்கு மேலே ஒரு சின்ன வெள்ளை டப்பாவில் அது தெரியும். பிரேக் ஆயில். இத்தனை வருடத் தொழிலில் நான் அதிகம் பயப்படுவது அதற்குத்தான்.

குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் நடுவில் பர்லியாறு. பழ சீசனில் சாலையோரம் முழுக்க மங்குஸ்தான், துரியன், ரம்புட்டான், பலா என்று கடைகள். மேலேயிருந்து இறங்குகிற வண்டிகள் அங்கே நிற்காமல் போவது அபூர்வம். பாதி மலை இறங்கியாயிற்று, பிள்ளைகளுக்கு வளைவில் தலை சுற்றியிருக்கும், கால் நீட்ட ஓர் இடம். எனக்கு அங்கேயிருந்து வருகிற போன்களில் பல ஒரே மாதிரி இருக்கும். "இவ்வளவு தூரம் நல்லாத்தாங்க வந்தோம். பழம் வாங்கிட்டுக் கிளம்பலாம்னு வண்டிய எடுத்தா பெடல் தரைக்குப் போகுது."

அப்படி ஒரு குடும்பம். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். நான் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. ஓட்டி வந்த பையன் முகத்தில் இன்னும் ரத்தம் திரும்பவில்லை. "அண்ணா, சத்தியமா சொல்றேன், பிரேக்கே இல்லண்ணா" என்றான். கூட வந்த பெரியப்பா, "மலையில புதுசா ஓட்டறான் தம்பி, பயந்துட்டான்" என்றார். நான் உட்கார்ந்து பெடலை மிதித்தேன். கெட்டியாக நின்றது. மறுபடி மிதித்தேன், அப்படியே. பெரியப்பா பையனைப் பார்த்த பார்வையில், இனி அவன் கையில் சாவியைக் கொடுக்க மாட்டார் என்பது தெரிந்தது.

பையன் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. குன்னூரிலிருந்து பிரேக்கில் கால் வைத்தபடியே இறங்கியிருக்கிறான். முன்சக்கர டிஸ்க் பழுக்கக் காய்ந்திருக்கிறது. வண்டி ஓடுகிற வரைக்கும் காற்று பட்டு டிஸ்க்கின் சூடு கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கும். நிறுத்திவிட்டால் காற்று இல்லை. டிஸ்க்கில் தேங்கிய சூடு பேட் வழியாக பிஸ்டனுக்கும், பிஸ்டனிலிருந்து அதற்குப் பின்னால் நிற்கும் ஆயிலுக்கும் மெதுவாக ஏறும். ஆகவே ஆயில் மிக அதிகமாகக் காய்வது வண்டி ஓடும்போது இல்லை, நிறுத்திய சில நிமிடங்களுக்குப் பிறகுதான். அந்த ஆயிலில் தண்ணீர் சேர்ந்திருந்தால் அப்போது கொதித்துக் குமிழி விடும். முக்கால் மணி நேரத்தில் எல்லாம் ஆறி, ஆவி மறுபடி திரவமாகி, பெடல் பழையபடி ஆகிவிடுகிறது. எந்தத் தடயமும் மிஞ்சாது. இந்தக் கோளாறின் கொடுமையே அதுதான். மெக்கானிக் வந்து பார்க்கும்போது வண்டியில் குறை இருக்காது, பழி ஓட்டியவன் தலையில் விழும்.

திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது. பெடலில் கால் கொடுக்கிற அழுத்தம் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து குழாய் வழியாக நான்கு சக்கரத்துக்கும் குறையாமல் போய்ச் சேருவது அதனால்தான். பாஸ்கல் என்ற பிரெஞ்சுக்காரர் 17-ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவைத்த விதி இது. ஆவி அப்படி இல்லை, அழுத்தினால் சுருங்கிக் கொடுக்கும். குழாயில் எங்கேயாவது ஒரு சிறு குமிழி நின்றால் கால் கொடுக்கிற அழுத்தமெல்லாம் அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும். பெடல் தரையைத் தொடும், சக்கரத்தில் பேட் நகராது.

அன்றைக்குப் பெரியப்பாவை அருகில் கூப்பிட்டு டப்பாவைக் காட்டினேன். உள்ளே ஆயில் வெளிறிய மஞ்சளாக, புதிதுபோலத்தான் இருந்தது. "இது நல்லாத்தானே இருக்கு?" என்றார். முன்சக்கரத்தில் ஆயிலை வெளியே விடுகிற நிப்பிளில் குழாயை மாட்டித் திறந்து கொஞ்சம் ஆயிலை பாட்டிலில் எடுத்தேன். கறுத்து, அடியில் பொடி மண்டிக் கிடந்தது. அவர் பையன் பக்கம் திரும்பி ஒன்றும் பேசாமல் அவன் தோளில் கை வைத்தார்.

பிரேக் ஆயில் எஞ்சின் ஆயிலைப்போல வண்டி முழுக்கச் சுற்றி வருவதில்லை. மிதிக்கும்போது ஒரு துளி முன்னே போகும், விட்டால் அதே துளி பின்னே வரும். சக்கரத்தில் பேடை அழுத்துகிற காலிப்பரில் நிற்கிற ஆயில் வருடக்கணக்கில் அங்கேயே நிற்கும், அங்கேயே காயும். பெட்ரோல் பங்க்கிலோ சர்வீஸிலோ குறைந்த அளவுக்கு மேலே புது ஆயிலை ஊற்றியிருப்பார்கள். டப்பாவில் நிறம் தெளிவாக இருக்கும், கீழே சக்கரத்தில் பழசு அப்படியே இருக்கும். டப்பாவில் நிறத்தைப் பார்த்து "ஆயில் நல்லா இருக்கு" என்று சொல்கிற மெக்கானிக்கை நான் ஏற்றுக்கொள்வதில்லை. பேனா மாதிரி ஒரு சோதனைக் கருவி வந்திருக்கிறது, ஆயிலில் தண்ணீர் எவ்வளவு என்று விளக்கு எரிந்து காட்டும். நல்ல கருவிதான். அதையும் டப்பாவுக்குள் மட்டும் விட்டுப் பார்த்தால் பாதி உண்மைதான் கிடைக்கும்.

இன்னொன்று. டப்பாவில் அளவு குறைவதற்குப் பெரும்பாலும் காரணம் பேட் தேய்வது. பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை ஆயில் நிரப்பும், மேலே அளவு இறங்கும். ஆகவே அளவு குறைந்திருந்தால் முதலில் பேடைப் பார்க்க வேண்டும், அப்புறம் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஊற்றி நிரப்பிவிட்டால் வண்டி கொடுக்கிற எச்சரிக்கையை நாமே அழித்ததாகிவிடும்.

தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்று எல்லோரும் கேட்பார்கள். மூடி இறுக்கமாகத்தானே இருக்கிறது? பிரேக் ஆயில் என்று சொன்னாலும் அது எண்ணெய் இல்லை. கிளைக்கால் ஈத்தர் என்ற வகை ரசாயனம். காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்வது அதன் குணம். டப்பா மூடியில் காற்று போக ஒரு சிறு வழி உண்டு, ரப்பர் ஹோஸ்கள் கண்ணுக்குத் தெரியாமல் ஈரத்தை உள்ளே விடும். வருடக்கணக்கில் அப்படிச் சேர்ந்துவிடும். எதற்காக இப்படி ஈரம் குடிக்கிற பொருளைப் போய் பிரேக்கில் ஊற்ற வேண்டும் என்று நானும் மேஸ்திரியிடம் கேட்டிருக்கிறேன். எங்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த ஹெட் மெக்கானிக்கை நாங்கள் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவோம். "கரைஞ்சாத்தான்டா கண்ணு நல்லது. கரையலேன்னா தண்ணி சொட்டுச் சொட்டா போய் அடியில நிக்கும். அடி எங்க இருக்கு? காலிப்பர்ல இருக்கு. சூடும் அங்கதான் இருக்கு" என்றார். தனித்து நிற்கிற தண்ணீர் 100 டிகிரியிலேயே கொதிக்கும். நிற்கிற இடத்தில் துருவும் பிடிக்கும். ஆயிலில் கரைந்து பரவிவிட்டால் மொத்தக் கொதிநிலையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். ஈரத்தைக் குடித்துக்கொள்வதே அது நமக்குச் செய்கிற காவல். அந்தக் காவலுக்கு ஓர் எல்லை உண்டு, அந்த எல்லைக்கு முன்னால் மாற்றிவிட வேண்டும்.

எல்லை எங்கே என்பதற்குக் கணக்கு இருக்கிறது. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் அந்தக் குறைந்தபட்ச வரம்பு 140 டிகிரி. டாட் 4 என்றால் 230, ஈரம் சேர்ந்தால் 155. டாட் 5.1 என்றால் 260, ஈரம் சேர்ந்தால் 180. இவை அமெரிக்கப் போக்குவரத்துத் துறை வகுத்த வரம்புகள், உலகம் முழுக்க புட்டியில் அச்சடிக்கிறார்கள். நூற்றில் நான்கு பங்குகூட இல்லை, அதற்குள் 65, 75 டிகிரி போய்விடுகிறது. மலையில் பிரேக் பிடித்தபடி இறங்குகிற வண்டியின் டிஸ்க் 300 டிகிரியைத் தாண்டிவிடும் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். வண்டிக்கு எது என்பது டப்பா மூடியிலேயே எழுதியிருக்கும். டாட் 5 என்று தனியே ஒன்று உண்டு, அது சிலிக்கோன். பெயர் பக்கத்தில் இருப்பதால் 5.1 என்று நினைத்து மற்றதோடு கலந்துவிடக் கூடாது.

ஆரம்ப காலத்திலிருந்தே இந்தத் தொழிலுக்குக் கொதிப்பு ஒரு கவலைதான். அமெரிக்காவில் மால்கம் லாக்ஹெட் 1917-இல் ஹைட்ராலிக் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். 1921-இல் டியூசன்பெர்க் மாடல் ஏ காரில் நான்கு சக்கரத்துக்கும் அது வந்தது. அந்தக் காலத்துப் பிரேக்குகளில் விளக்கெண்ணெயோடு ஆல்கஹால் கலந்த திரவங்கள் பழக்கத்தில் இருந்தன. ஆல்கஹால் சூட்டில் எவ்வளவு சீக்கிரம் ஆவியாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். கிளைக்கால் வந்த பிறகுதான் பிரேக் இந்த அளவுச் சூட்டைத் தாங்கியது.

மலை இறக்கத்தில் அந்தச் சூடு எவ்வளவு என்று பாருங்கள். குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் 300 மீட்டருக்குச் சற்று மேல். ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறிய கார் 1,300 கிலோ என்று வையுங்கள். அந்த 1,500 மீட்டரை இறங்கி முடிப்பதற்குள் அது எங்காவது விட்டாக வேண்டிய ஆற்றலைக் கணக்குப் போட்டால், 60 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மிச்சம் எஞ்சினுக்குப் போகுமா, பிரேக்குக்குப் போகுமா என்பதை முடிவு செய்வது டிரைவரின் கை. ஏறின கியரிலேயே இறங்கு என்று எங்கள் பக்கத்து டிரைவர்கள் சொல்வது இதற்காகத்தான். இரண்டாவது கியரில் எஞ்சின் உறுமிக்கொண்டு வந்தால் அது வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது என்று பொருள், எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. ஆட்டோமேடிக் வண்டிக்காரர்கள் டி-யில் போட்டபடியே இறங்குகிறார்கள். எல் என்றோ 2 என்றோ மேனுவல் என்றோ இருப்பதை இறக்கத்தில் எடுத்துப் போட வேண்டும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். மொத்தப் பாரத்தையும் பிரேக் ஆயிலின் தலையில் ஏற்றுகிற வேலை அது.

பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்காமல் வழுக்கிப் போனால் அது வேறு கோளாறு. பேட் சூட்டில் பிடிமானம் இழந்திருக்கிறது, நெடி வரும். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கிக் கீழே போனால் ஆயில் கொதித்திருக்கிறது, இல்லையென்றால் எங்கோ கசிகிறது. வண்டியோடு வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: "கெட்டியா இருந்துச்சுங்களா, உள்ள போச்சுங்களா?"

இனி மாற்றுகிற வேலை. மேஸ்திரி காலத்தில் இது இரண்டு ஆள் வேலை, இப்போதும் அப்படிச் செய்வதில்தான் எனக்கு நம்பிக்கை. முதலில் டப்பாவில் இருக்கிற பழைய ஆயிலை சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதுசை நிரப்ப வேண்டும். அழுக்கை நான்கு குழாய் வழியாகவும் தள்ளிக்கொண்டு போவதில் அர்த்தம் இல்லை. பிறகு மாஸ்டர் சிலிண்டருக்கு அதிக தூரத்தில் இருக்கிற சக்கரம். நம் ஊர் வண்டிக்குப் பின்பக்கம் இடது சக்கரம், அப்புறம் பின் வலது, முன் இடது, கடைசியில் முன் வலது. சில வண்டிகளில் பைப் குறுக்காகப் போகும், அவற்றுக்குக் கம்பெனி சொல்கிற வரிசை வேறாக இருக்கலாம், புத்தகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒருவர் சீட்டில், ஒருவர் சக்கரத்தடியில். நிப்பிளில் கண்ணாடிக் குழாய், குழாயின் முனை பாட்டிலில் கொஞ்சம் ஆயிலுக்குள் முங்கியிருக்க வேண்டும். கீழேயிருந்து "அமுக்கு" என்றால் மேலே இருப்பவர் மெதுவாக மிதித்து "பிடிச்சிருக்கேன்" என்பார். அப்போது நிப்பிளைக் கால் சுற்று திறந்தால் ஆயில் பாயும், பெடல் இறங்கும். நிப்பிளை மூடி, "விடு" என்று சொன்ன பிறகுதான் கால் எடுக்கலாம். அதற்கு முன்னால் விட்டால் காற்றை உள்ளே இழுத்துவிடும், எல்லாம் முதலிலிருந்து. இருவரும் ஒருவரையொருவர் பார்க்க முடியாது, குரல்தான். அதனால் அந்த வேலை நடக்கும்போது பட்டறையில் ரேடியோவை அணைக்கச் சொல்லிவிடுவார் மேஸ்திரி. நானும் இன்றுவரை அப்படித்தான். குழாயில் கறுப்பு போய், பழுப்பு போய், வெளிர் மஞ்சள் வரும், குமிழி நிற்கும். நடுவில் டப்பா காலியாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு காருக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டருக்குள் பிடிக்கும்.

பழைய வண்டியாக இருந்தால் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைக்கச் சொல்வார். அன்றாடம் ஓட்டும்போது பெடல் பாதி தூரம்தான் போகும், மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் வாஷரும் அந்தப் பாதியில்தான் ஓடும். மீதிப் பாதியில் ஈரத்தால் துரு பூத்துச் சொரசொரப்பாக இருக்கும். ஆயில் மாற்றுகிற நாளில் பெடலைத் தரைவரை மிதித்தால் வாஷர் அந்தச் சொரசொரப்பில் உரசிக் கிழியும். ஆயில் மாற்றிய மறுநாள் மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது என்று சண்டைக்கு வருகிறவர்களின் கதை பாதி இதுதான். ஒரு மரத்துண்டு அதைத் தடுத்துவிடும். எந்தப் புத்தகத்திலும் நான் தேடிப் படித்தது அல்ல, அம்பாசடர் டாக்சிகள் ஊட்டி மலை ஏறி இறங்கிய காலத்தில் அவர் கையால் கண்டது.

புட்டியைப் பற்றியும் அவர் கறாராக இருந்தார். சின்ன புட்டிதான் வாங்குவோம், வண்டிக்காரர் முன்னால் சீல் உடைப்போம், மிச்சத்தை அடுத்த வண்டிக்கு வைக்க மாட்டோம். திறந்த புட்டி அலமாரியில் நிற்கும்போதே ஈரம் குடித்துக்கொண்டிருக்கும். பெயின்டில் ஒரு சொட்டு பட்டாலும் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், உரிந்துவிடும்.

"ஆயில்" என்று சொல்லிப் பழகியதால் டப்பாவில் எஞ்சின் ஆயிலை ஊற்றிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் பிரேக்கில் இருக்கிற ரப்பர் உப்பிவிடும். பெடல் திரும்பி வராது, சக்கரம் பிடித்துக்கொள்ளும். அப்புறம் மாஸ்டர் சிலிண்டர் கிட், காலிப்பர் கிட், வீல் சிலிண்டர் பக்கெட், ஹோஸ் என்று ரப்பர் அத்தனையும் மாற்றி, பைப்பை எல்லாம் கழுவ வேண்டும். அவசரத்துக்கு எதையாவது ஊற்றலாம் என்கிற இடமே இதில் கிடையாது.

எங்கள் தெருவிலேயே ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். கார் பெரும்பாலும் ஷெட்டில்தான் நிற்கும். பேரன் முடியிறக்கத்துக்குக் கோத்தகிரி போக வேண்டும் என்று கொண்டுவந்து விட்டார். "சார், பிரேக் ஆயில் மாத்திடலாமுங்க" என்றேன். "வண்டியே ஓடலியேப்பா, அஞ்சாயிரம் கிலோமீட்டர்கூட ஆகலை. எதுக்கு மாத்தணும்?" என்றார். ஓடாத வண்டிக்காரர்கள் எல்லோரும் கேட்கிற நியாயமான கேள்வி. டயரும் பேடும் ஓடினால்தான் தேயும். ஆயில் நிற்கும்போதும் ஈரம் குடிக்கும். அதற்குக் கிலோமீட்டர் கணக்கு போதாது, காலண்டர் வேண்டும். இரண்டு வருடம் என்று பெரும்பாலான கம்பெனிகள் போட்டிருப்பது அதனால்தான். முன்சக்கரத்திலிருந்து எடுத்துக் காட்டியதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். "மாத்திடுப்பா, நாலு சக்கரத்துக்கும்" என்றார். மாற்றிய மாதத்தையும் வருடத்தையும் பானெட்டுக்கு அடியில் பெயின்ட் பேனாவால் எழுதிவிட்டேன். எல்லா வண்டிக்கும் எழுதுகிறேன், அடுத்து யார் திறந்தாலும் தெரிய வேண்டும்.

ஏபிஎஸ் வந்த பிறகு இதன் அருமை கூடிவிட்டது. 2019 ஏப்ரலிலிருந்து நம் நாட்டில் விற்கிற புதுக் கார்களுக்கு அது கட்டாயம். அதன் உள்ளே நுண்ணிய வால்வுகள். ஈரம் ஊறிய ஆயில் அவற்றில் துருவை உண்டாக்கினால் அந்த யூனிட்டை மாற்றுவதற்குப் பல பத்தாயிரங்கள் ஆகும். ஆயிலுக்கு ஆவது சில நூறு ரூபாய். யூனிட்டுக்குள் காற்று புகுந்துவிட்டால் மரக்கட்டையும் குரலும் போதாது, பல வண்டிகளில் கம்ப்யூட்டர் மாட்டித்தான் வால்வுகளை ஓடவிட்டு எடுக்க முடியும். அந்தக் கருவி இல்லாத இடத்தில் அந்த வேலையைத் தொடவிடாதீர்கள்.

கடைசியாக, மலையில் பெடல் கீழே போய்விட்டால் என்ன செய்வது. வேகமாக விட்டு விட்டு மிதியுங்கள். ஆவி இருந்தாலும் பல தடவை மிதித்தால் கொஞ்சம் அழுத்தம் ஏறும். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். சாவியை அணைக்காதீர்கள், ஸ்டீரிங் கனத்துவிடும், பிரேக்குக்கு எஞ்சின் கொடுக்கிற துணையும் போய்விடும். பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் கம்பியில் வேலை செய்வது, அதற்கு ஆயில் வேண்டாம். பட்டனை அழுத்திப் பிடித்தபடி விட்டு விட்டு இழுங்கள், ஒரே இழுப்பாக இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி திரும்பிவிடும். ஹார்ன் அடித்து, விளக்கைப் போட்டு, பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைச் சரிவுப் பக்கம் மண்மேட்டில் உரசவிடுங்கள். கதவும் பம்பரும் போகட்டும்.

நின்றதும் எல்லோரையும் இறக்கிவிட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். காய்ந்த டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கோணிக்கொள்ளும். அரை மணி, முக்கால் மணியில் பெடல் கெட்டியாகிவிடும், கூட இருப்பவர் யாராவது "இப்ப சரியாயிடுச்சே, போலாம்" என்பார். அந்த ஆயில் அடுத்த வளைவுகளில் மறுபடி கொதிக்கும். மெக்கானிக்கை மேலே வரச் சொல்லுங்கள், அங்கேயே மாற்றிவிட்டுத்தான் இறங்க வேண்டும். ஜாக்கியும் நான்கு புட்டியும் ஓர் உதவிப் பையனும் போதும், சாலையோரத்திலேயே முடிகிற வேலை.